போர்ச்சு வரைக்கும்

சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும், ஹெட்லி வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

அப்போது அவர் சமையலறை மேஜையில் பென்சிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் பட்டாணி சூப் கொதித்தது. சனிக்கிழமை என்றால் இந்த ஊரில் எந்த வீட்டிலும் அது இல்லாமல் பொழுது போகாது. உப்புக்கண்ட மாட்டிறைச்சித் துண்டு ஒன்று மேலே வருவதும் முங்குவதுமாக இருந்தது. மேஜைமேல் கோடு போட்ட நோட்டு. அதில் போன வாரம் அவர் எழுதிய ஒரே ஒரு வரி: "போர்ச் வீட்டுக்குள் இருக்கிறது." அந்த வரிக்கு அடியில் மிஸ் ஹோல்ட் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "வெளியே" என்று திருத்திக் கொடுத்திருந்தாள்.

மிஸ் ஹோல்ட் டொராண்டோப் பக்கத்துப் பெண். செவ்வாய்க்கிழமை தோறும் ஃபெர்ரி ஏறி இந்தத் தீவுக்கு வந்து, கோயில் கூடத்தில் ஏழெட்டுப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள். தங்கமான பெண், முகம் சுளிக்காது. "உங்க வீட்டு வாசலுக்கு என்ன பேரு சொல்வீங்க, அதுக்கு என்ன அர்த்தம், எதுக்குப் பயன்படுது, மூணு வரி எழுதிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். கேட்டபோது சுலபமாகத்தான் இருந்தது.

ஹெட்லி தலையைத் திருப்பித் தன் போர்ச்சைப் பார்த்தார். சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம், ஆறடிக்கு ஐந்தடி. மேலே கூரை, நாலு பக்கமும் சுவர், கையகல ஜன்னல். நாலு ஜோடி பூட்ஸ், மழைக் கோட்டு, பிளந்த விறகு, உப்பு வாளி, பனி தள்ளுகிற பலகை. செத்துப்போன மனைவி எஃபி தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போன தொப்பி இன்னும் அதே ஆணியில். இதுவும் வெளியே என்றால் பிறகு எதுதான் உள்ளே? நாற்பது வருஷம் மீன் ஆலையில் மீனும் நண்டும் அறுத்த கை அது. விரலெல்லாம் உப்பிப்போய், பென்சிலைப் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை. "போர்ச்" என்று மறுபடி எழுதினார். அடுத்த சொல் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக், டொக், டொக்.

முதலில் அது என்ன சத்தம் என்றே அவருக்குப் புரியவில்லை. அடுப்பில் விறகு வெடிக்கிறதோ என்று பார்த்தார். மறுபடியும் மூன்று தட்டு. போர்ச்சுக் கதவில்.

ஆல்டர் கோவ் என்ற இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வருகிறவர் போர்ச்சுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பூட்ஸைக் கழற்றியபடியே "ஆளு இருக்கா?" என்று ஒரு குரல் விடுவார். ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே போய்க் கெட்டிலை ஏற்றிவைப்பார். சண்டைக்காரன்கூட போர்ச்சு வரைக்கும் வந்து, மிதியடியில் நின்று பேசிவிட்டுப் போவான். சமையலறைக் கதவைத்தான் தாண்டமாட்டான். அந்த மிதியடியில் நிற்க யாரும் யாரிடமும் உத்தரவு கேட்டது கிடையாது.

தன் வீட்டுக் கதவில் இந்தச் சத்தத்தை ஹெட்லி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பக்கத்து வீட்டில், மர்ட்டில் வீட்டில், ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்குத் தட்டியவர் போலீஸ்காரர். மர்ட்டிலின் புருஷன் வாலஸின் படகு கிடைத்துவிட்டது, வாலஸ் கிடைக்கவில்லை என்று சொல்ல வந்திருந்தார்.

ஹெட்லியின் கையிலிருந்து பென்சில் உருண்டு போனது.

அவருக்கு இந்த உலகத்தில் கெட்ட செய்தி வருவதற்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள். ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் தோண்டுகிற மகன் கார்லண்ட். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆள் எங்கே இருக்கிறான், எந்த நம்பரில் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாது. ஆனால் செத்துப்போனால் சொல்லவேண்டிய ஆள் யார் என்று எங்கேயாவது ஒரு காகிதத்தில் அவன் எழுதிக் கொடுத்திருப்பான் அல்லவா. அந்தக் காகிதம்தான் இப்போது வாசலில் நிற்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"இதோ" என்று சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.  அறுபத்தொரு வயது மனிதர், அடுப்புக்கும் விறகுப் பெட்டிக்கும் நடுவில், ஜன்னலுக்குத் தெரியாதபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். திறக்காதவரைக்கும் சேதி சேதி இல்லை. அவன் அங்கே எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். திறந்தால்தான் சாவான்.

மூன்றாவது முறையும் தட்டு விழுந்தது. இந்த முறை மெதுவாக. அப்புறம் ஒன்றுமில்லை. சூப் மட்டும் கொதித்தது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் வந்த ஆள் வேலி தாண்டிவிட்டான். வெளியே மூடுபனி, ஆட்டுக் கம்பளி மாதிரி. கறுத்த கோட்டின் முதுகும், அதில் மின்னுகிற இரண்டு பட்டையும் தெரிந்தன. பட்டை போட்ட கோட்டு. போலீஸ்காரர்தான். பிறகு அதுவும் பனிக்குள் கரைந்தது.

சேதி போய்விட்டது. போன பிறகுதான் அது என்ன சேதி என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. ஹெட்லி சூப்பை அடுப்பின் ஓரத்துக்குத் தள்ளினார், கோட்டை மாட்டினார், இடது வலது மாற்றிப் பூட்ஸை மாட்டி மறுபடி கழற்றி மாட்டினார். ஃபெர்ரியிலிருந்து இறங்குகிறவன் எவனானாலும் செஸ்ஸின் கடையைத் தாண்டாமல் ஊருக்குள் வரமுடியாது.

செஸ் கல்லாவுக்குப் பின்னால் தூண்டில் முள்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். ஹெட்லியைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது.

"வா மாமா. என்ன, முகம் வெளுத்துப்போய்க் காட் மீன் வயிறு மாதிரி இருக்கு?"

"செஸ், காலைல ஃபெர்ரில போலீஸ்காரர் வந்தாரா?"

"சனிக்கிழமை போலீஸ்காரர் எதுக்கு வர்றாரு? அவருக்கும் பட்டாணி சூப் இருக்குமில்ல."

"பட்டை போட்ட கோட்டு. எங்க வீட்டுக் கதவத் தட்டிட்டுப் போறாரு."

செஸ் தூண்டில் முள்ளைக் கீழே வைத்தான். "தட்டினாரா?"

"மூணு தடவை."

"நீ தெறந்தியா?"

ஹெட்லி கடையின் ரொட்டி வரிசையைப் பார்த்தார்.

"மாமா," என்றான் செஸ், கொஞ்சம் தணிந்த குரலில், "அது போலீஸ்காரர் இல்ல. உன் மவன். கார்லண்டு. ஒம்பதே முக்காலுக்கு இங்க நின்னான். ரெண்டு டின்னு பாலு வாங்கினான், டீக்குப் போடுற பாலு. உனக்குத்தான்னு நெனச்சேன். அது அவன் வேலைக் கோட்டு, ஆல்பர்ட்டாவுல எல்லாப் பயலும் அதத்தான் போட்டுட்டுத் திரியறானுங்க."

ஹெட்லி கல்லாவை எட்டிப் பிடித்தார். உயிரோடு இருக்கிறான். செஸ்ஸின் கடையில் நின்றிருக்கிறான். டின் பால் வாங்கியிருக்கிறான். ஒரு நிமிஷம் மூச்சு விட்டார். மூச்சு விட்டு முடிந்ததும் மண்டையில் வேறொன்று ஏறியது.

"அவனா? அப்புறம் எதுக்குத் தட்டினான்?"

"அதான் எனக்கும் புரியல."

"அவன் பொறந்த வீடுடா அது. போர்ச்சு ஜன்னல ரெண்டு தடவை பந்தால ஒடச்சவன். அவன் எதுக்குடா தட்டணும்?"

"அங்கயே இருந்து பழகிருச்சோ என்னவோ. அங்கெல்லாம் மணியடிச்சுட்டு நிக்கணுமாம், மாமா. என் தங்கச்சி சொல்றா, அவ மாமியாரு வீட்டுக்குப் போறதுக்கே முன்னாடி போன் பண்ணணுமாம்."

"ஆறு வருஷத்துல ஒருத்தனுக்கு அவன் வீட்டுப் போர்ச்சு மறந்து போவுமா?"

"மறக்காதுதான்," என்றான் செஸ். "என்ன கேட்டா எனக்கு என்ன தெரியும். ஒண்ணும் பேசல அவன். கார இறக்கின உடனே திரும்பிப் போற வரிசையிலயே கொண்டுபோய் விட்டுட்டான். முன்னாடி எடம் புடிச்ச மாதிரி. பன்னெண்டரை ஃபெர்ரிக்கு."

ஹெட்லி கடையை விட்டு வெளியே வந்தார். வலது பக்கம் போனால் படகுத்துறை. இடது பக்கம் போனால் வீடு. கால் இடது பக்கம் திரும்பியது.

நடக்க நடக்க அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தவன் எதற்காகத் திரும்பிப் போகிற வரிசையில் காரை விட்டான்? பால் எதற்கு? பாலும் வாங்கிக்கொண்டு வந்து அந்நியன் மாதிரி ஏன் தட்டினான்? தட்டுவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா? வாலஸ் போன அன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பையனாக அவனும் இந்த வீட்டில்தானே இருந்தான், அந்தச் சத்தம் அவன் காதிலும்தானே விழுந்தது. "நான் உனக்கு யாரோ, நீ எனக்கு யாரோ" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வாயால் திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டலாம். தட்டிவிட்டுப் போனால் என்ன செய்வது?

போர்ச்சுக் கதவைத் திறந்தால் உள்ளே, விறகின்மேல், இரண்டு டின் பால். அவர் போகும்போது அது அங்கே இருந்ததா? பூட்ஸ் மாட்டுகிற அவசரத்தில் பார்க்கவில்லையா? இல்லை, அவர் கடைக்குப் போயிருந்தபோது மறுபடி வந்து வைத்துவிட்டுப் போனானா? அப்படியென்றால் கதவைத் திறந்திருக்கிறான். திறந்தவன் ஏன் காத்திருக்கவில்லை? தரையைப் பார்த்தார். மிதியடியில் ஈரமில்லை. கதவுக்கு வெளியே படிக்கல்லில் பெரிய பூட்ஸ் தடம் இரண்டு, சேறோடு, அருகருகே. அங்கேயே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி, டின்னை விறகின்மேல் வைத்திருக்கிறான். காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

அவர் அந்தத் தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். சூப்பைக் கிளறினார். சூப் அடிப்பிடித்திருந்தது.

"ஆளு இருக்கா?" போர்ச்சில் குரல். மர்ட்டில் பூட்ஸை உதறிக் கழற்றிவிட்டு, துணி மூடிய ரொட்டியோடு உள்ளே வந்தாள். ஹெட்லியின் வயதுதான், நடை மட்டும் சுறுக்கு. "என்னய்யா, வீடு முழுக்கக் கருகின வாசனை. வேலியாண்ட கார்லண்டப் பாத்தேன். நான் கூப்பிடறதுக்குள்ள போயிட்டான். வந்தானா?"

"வந்து தட்டினான்."

"தட்டினானா?"

"தட்டினான் புள்ள. வரி வசூலிக்கிறவன் மாதிரி. நான் போலீஸ்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தவர் அடுப்புப் பக்கத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தெறக்கல."

மர்ட்டில் ரொட்டியை மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை.

"அவனுக்கு என்னடா ஆச்சுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்," என்றார் ஹெட்லி. "பாலு வாங்கிட்டு வந்திருக்கான். கதவுக்கு வெளியவே நின்னு கைய நீட்டி வச்சுட்டுப் போயிருக்கான். போர்ச்சுல கால் வச்சா என்ன, கால் வெந்துருமா? சண்டைக்காரங்கூட அதுவரைக்கும் வருவான்."

"நீ வெளையாடறியா ஹெட்லி?"

"என்ன வெளையாட்டு?"

"நீதானய்யா சொன்ன."

"என்ன சொன்னேன்?"

மர்ட்டில் அவரையே பார்த்தாள். பொய் சொல்கிறாரா, நிஜமாகவே தெரியவில்லையா என்று பார்க்கிற பார்வை.

"எஃபிய எடுத்த மறுநாள். நான் இங்கதான் நின்னேன், கெட்டில கையில வச்சுக்கிட்டு. அவன் வந்து அங்க போர்ச்சுல நிக்கறான். இன்னும் கையுறைகூடக் கழட்டல. நீ இந்தக் கதவப் புடிச்சுக்கிட்டுச் சொன்ன, 'நானா கூப்பிடாம இனிமே இந்தப் போர்ச்சுல காலெடுத்து வைக்காத'ன்னு."

"போர்ச்சுலன்னு சொல்லல. வீட்டுலன்னு ஏதோ சொல்லியிருப்பேன்."

"போர்ச்சுலன்னுதான் சொன்ன. எனக்கே கெட்டில் கீழ விழப் பாத்துச்சு. போர்ச்சுக்குள்ளயே வராதன்னு இந்த ஊருல யாரும் யாரையும் சொன்னதில்ல."

ஹெட்லி அந்த நாளைத் தேடிப் பார்த்தார். மார்ச் மாதம். கடல் முழுக்கப் பனிக்கட்டி அடைத்து ஐந்து நாள் ஃபெர்ரி ஓடவில்லை, மகன் அக்கரையில் சிக்கிக்கொண்டான். எஃபியை முன்கதவு வழியாகத்தான் எடுத்தார்கள். அந்தக் கதவுக்கு எந்தக் காலத்திலும் படி கட்டியதில்லை. தரைக்கு நாலடி உயரத்தில் நிற்கிற கதவு, சவப்பெட்டி போவதற்கு மட்டும் திறப்பது. இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் கீழே பனியில் நின்று கையேந்தி வாங்கினார்கள். கீழே இடது மூலை மகனுடைய இடம். அங்கே செஸ் நின்றான். அதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் கார்லண்ட் வந்ததும் இருக்கிறது. அவன் உதடு வெடித்திருந்தது, ஒன்றும் சாப்பிடாத முகம். அதற்கப்புறம் இவர் என்ன சொன்னார் என்று தேடினால் அந்த இடத்தில் மூடுபனி. ஏதோ சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். கடலில் பனி அடைத்ததற்கு அவன் என்ன செய்வான் என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவன் ஆறு வருஷமாக அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். கூப்பிடாமல் வைக்காதே என்றால் வைக்கவில்லை. கூப்பிடுகிறாரா என்று கேட்கத்தான் தட்டியிருக்கிறான், மூன்று தடவை. மூன்று தடவையும் உள்ளே இருந்து ஒரு சத்தமில்லை. உள்ளே ஆள் இருப்பது புகைபோக்கியைப் பார்த்தாலே தெரியும். சூப் வாசனை வாசல்வரை அடித்திருக்கும்.

"அப்ப நான் கூப்பிடலன்னு நெனச்சுட்டானா?" என்று கேட்டார் ஹெட்லி. கேட்கும்போதே பதில் தெரிந்தது.

"மணி பன்னெண்டே கால் ஆச்சு," என்றாள் மர்ட்டில். "இங்க உக்காந்து என்ன கேக்கற?"

இந்த முறை இடது வலது பார்த்துப் பூட்ஸ் மாட்ட நேரமில்லை. கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டார். துறைக்கு முக்கால் மைல், பாதி இறக்கம். ஆலையில் நண்டு வேகிற ஆவி நாற்பது வருஷம் தின்ற நெஞ்சு, இருபது எட்டுக்கு ஒரு தடவை நிற்கச் சொன்னது. நின்றார், இருமினார், போனார். மூடுபனிக்குள்ளிருந்து ஃபெர்ரியின் ஊதல் ஒன்று வந்தது. வந்துவிட்டதா, கிளம்புகிறதா என்று தெரியவில்லை. அந்த ஊதலுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்று அவருக்குத் தெரியும், எந்த அர்த்தத்துக்கு எத்தனை தடவை என்பது அந்த நேரத்தில் மறந்து போயிற்று.

துறையில் வரிசை நின்றது. ஆறேழு வண்டி, எல்லாம் நனைந்த முதுகு. முதல் வண்டி ஏற்கனவே ஃபெர்ரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கார்லண்டின் கார் என்ன நிறம் என்று செஸ்ஸிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாக எட்டிப் பார்த்தார். எல்லாக் கண்ணாடியிலும் ஆவி. மூன்றாவதில் பட்டை மின்னியது. தலை ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது. தூங்குகிறானா என்ன என்று தெரியவில்லை.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிடலாம். இந்த ஊரில் எந்தக் காரும் பூட்டியிருக்காது. கைப்பிடியில் கையை வைத்தவர் எடுத்துவிட்டார். இது அவன் கதவு. அவன் கூப்பிடவில்லை.

ஹெட்லி வாழ்க்கையில் எந்தக் கதவையும் தட்டியதில்லை. எவ்வளவு பலமாகத் தட்டுவது, விரலாலா உள்ளங்கையாலா என்றுகூடத் தெரியவில்லை. விரல் முட்டியை மடக்கிக் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினார். அவர் காதுக்கே கேட்கவில்லை. அடுத்தது பலமாக விழுந்துவிட்டது, நண்டு ஓட்டை உடைக்கிற மாதிரி. கார்லண்ட் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தான்.

கண்ணாடி இறங்கியது. தாடி வைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. முப்பத்தைந்து வயதில் நரைக்குமா என்று ஹெட்லி குழம்பினார். எஃபிக்கும் அப்படித்தான் நரைத்தது என்பது அப்புறம் நினைவு வந்தது.

 முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது.

"தட்டினியாமே," என்றார் ஹெட்லி.

"ஆமா."

"நான் போலீஸ்னு நெனச்சுட்டேன்."

கார்லண்டுக்கு அது சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "வாலஸ் மாமாவுக்கு வந்த மாதிரியா?"

"ஆமா. உனக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு. அதான் தெறக்கல. அடுப்புக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன்."

"உக்காந்திருந்தீங்களா?"

"குந்திக்கிட்டு."

கார்லண்ட் முன்கண்ணாடியைப் பார்த்தான். வாய் ஓரம் லேசாக அசைந்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. பின்னால் நின்ற வண்டிக்காரன் மெதுவாக ஒரு ஹாரன் அடித்தான்.

"நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்லடா," என்றார் ஹெட்லி. "மர்ட்டிலுக்கு ஞாபகம் இருக்கு. அவ சொன்னா."

"எனக்கும் ஞாபகம் இருக்கு."

"தெரியுது."

ஃபெர்ரியில் நின்றவன் கையை ஆட்டி வரச் சொன்னான். கார்லண்ட் கியரில் கை வைத்தான். எந்தப் பக்கம் தள்ளப்போகிறான் என்று ஹெட்லிக்குத் தெரியவில்லை. அவன் கையும் அதைத் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை.

"போர்ச்சு வரைக்கும் வா," என்றார் ஹெட்லி. "உள்ள வரணும்னு இல்ல. மிதியடில நின்னுட்டுக்கூடப் போ. அடுத்த ஃபெர்ரி நாலு மணிக்கு."

"கூப்பிடறீங்களா?"

"கூப்பிடறேன்."

"வாயால சொல்லிட்டீங்க. அப்புறம் மறந்துட்டேன்னு சொல்லக்கூடாது."

"இந்தத் தடவை நோட்டுல எழுதி வைக்கறேன்."

"உங்களுக்கா? எழுதத் தெரியுமா?" என்று கார்லண்ட் திரும்பிப் பார்த்தான். கேலியில்லை, நிஜமாகவே கேட்டான்.

"ரெண்டு வருஷமா. இன்னும் ஒரு வரிக்கு மேல போவல."

வரிசையின் நடுவில் இருக்கிற காரை வெளியே எடுப்பது லேசில் இல்லை. ஹெட்லி பின்னால் போய் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினார். "கொஞ்சம் பின்னாடி எடுங்க, என் மவன் வெளிய வரணும்." முதல் வண்டிக்காரர் பதறிப்போய், "என்ன ஹெட்லி, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார். "யாரும் போவல. போகாம இருக்கத்தான் தட்டறேன்." அவர் தலையைச் சொறிந்தபடி வண்டியைப் பின்னால் எடுத்தார். ஃபெர்ரிக்காரன் மேலேயிருந்து ஏதோ கத்தினான். மூடுபனியில் அது யாருக்கும் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் யாரும் முயலவில்லை.

வீட்டில் மர்ட்டில் இல்லை. கருகிய சூப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கெட்டிலை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஹெட்லி முன்னால் போய்ப் பூட்ஸைக் கழற்றினார். கழற்றும்போதுதான் பார்த்தார், ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. கார்லண்ட் படிக்கல்லில் நின்றான். காலையில் தடம் பதிந்திருந்த அதே இடம். காலைத் தூக்கி உள்ளே வைத்தான். பூட்ஸைக் கழற்றினான். தாயின் தொப்பி ஆணியில் இருப்பதைப் பார்த்தான். விறகின்மேல் இருந்த டின் பால் இரண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மிதியடியிலேயே நின்றான்.

உள்ளே கோப்பை எடுத்துக்கொண்டிருந்த ஹெட்லி திரும்பிப் பார்த்தார். அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் போர்ச்சு வரைக்கும் என்றுதானே சொன்னேன் என்று அவருக்கு அப்போது உறைத்தது. இனி இதற்கும் தனியாகக் கூப்பிடவேண்டுமா? கூப்பிட்டால் வருவானா, மிதியடியோடு போதும் என்பானா? இவனிடம் எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்றே பிடிபடவில்லை.

"பால அங்கயே வச்சுக்கிட்டு நின்னா டீய எங்க போடறது?" என்றார் கடைசியில்.

கார்லண்ட் உள்ளே வந்தான். டின்னை மேஜையில் வைத்தான். நோட்டு அங்கேயே திறந்து கிடந்தது. குனிந்து படித்தான். சிவப்பு மைத் திருத்தத்தையும் படித்தான்.

"வெளியேன்னு போட்டிருக்காங்க. டீச்சரு எந்த ஊரு?"

"டொராண்டோப் பக்கம்."

"அவங்க சொல்றது சரிதான்ப்பா. அங்கெல்லாம் போர்ச்சு வெளியதான். சுவரு கிடையாது. கூரை, ரெண்டு தூண், நாற்காலி போட்டு உக்காருவாங்க. கதவு அதுக்கப்புறம்தான்."

ஹெட்லி கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதை யோசித்தார். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

"அப்ப சண்டை போட்டவன் எங்க வந்து நிப்பான்?" என்று கேட்டார்.

கார்லண்டுக்கும் அது தெரியவில்லை. "ஆறு வருஷமா அங்க இருக்கேன், நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, கீழே உருண்டு கிடந்த பென்சிலை எடுத்து நோட்டின்மேல் வைத்தான். பிறகு ரொட்டியை அறுக்கக் கத்தி எங்கே என்று கேட்கவில்லை. அது இருக்கும் இழுப்பறையை அவனே இழுத்தான்.